ஸ்கூட்டரில் ‘கட கட’ சத்தம்: கிளச்சை முழுதாக மாற்ற முன்னர்

விசுவமடுப் பக்கத்தில் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்யும் ஒரு வாசகி எழுதிய கடிதத்தில் தேவையான பகுதி இது:

“ஐயா, என்னிடம் இருப்பது 2017ஆம் ஆண்டு ஹொண்டா டியோ. 41,000 கிலோமீற்றர் ஓடிவிட்டது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் இடப்பக்கத்தில் ‘கட கட’ என்று சத்தம் வருகிறது. அக்சிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கினால் அந்தச் சத்தம் நின்றுவிடும். புறப்படும்போது இன்னொரு சத்தம்: ‘கர்ர்’ என்று ஓர் உதறல், சில நேரம் கீச்சிடும். மழைக்கு அடுத்த நாள் கூடுதலாக இருக்கும். ஒரு கராஜில் முழுக் கிளச்சையும் மாற்ற வேண்டும், 40,000 ரூபா மட்டில் வரும் என்றார்கள். இன்னொருவர் ஏதோ ஸ்பிரே அடித்தார். இரண்டு நாள் சத்தம் இல்லை, பிறகு பழையபடி வந்துவிட்டது. இப்போது ஏற்றத்தில் இழுவையும் குறைவு. கனடாவில் இருக்கும் தம்பி, தன்னுடைய பனி ஸ்கூட்டரிலும் (ஸ்னோமொபைல்) இதே மாதிரிச் சத்தம் வந்தது, மூடியைக் கழற்றிக் காற்றடித்ததும் சரியாகிவிட்டது, நீயும் அதையே செய் என்கிறான். செய்யலாமா? அதுவரை இந்த ஸ்கூட்டரில் வேலைக்குப் போவது ஆபத்தா? நான் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு வீடு பார்க்க வேண்டும், பாதிக்கு மேல் கிறவல் ஒழுங்கைதான்.”

தங்கச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். நீங்கள் எழுதியிருப்பவை இரண்டு தனித்தனிச் சத்தங்கள். ஒன்று முன்பக்கத்திலிருந்து வருகிறது, மற்றது பின்பக்கத்திலிருந்து. இரண்டும் எஞ்சினின் இடப்பக்கத்தில் ஒரே மூடிக்குள் இருப்பதால் எல்லோரும் சேர்த்துக் ‘கிளச் சத்தம்’ என்று சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் சொன்னதும் முழு செட்டையும் மாற்றும் கணக்கு வந்துவிடுகிறது. சத்தம் எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்பதை நீங்கள் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்தே பாதி வேலை முடிந்துவிட்டது.

உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கராஜில் பேசும்போது உங்களுக்கே பிடி இருக்கும். எஞ்சினின் இடப்பக்க முனையில், கால் வைக்கும் தட்டுக்குக் கிட்ட, ஒரு புல்லி இருக்கிறது. அதை வேரியேட்டர் என்பார்கள். அதற்குள் ஆறு சிறிய உருளைகள், அதாவது ரோலர்கள், சாய்வான தடங்களில் கிடக்கின்றன. எஞ்சின் வேகமாகச் சுற்றினால் அவை வெளிப்பக்கமாக ஓடி, புல்லியின் ஒரு முகத்தைத் தள்ளி நெருக்கும். நெருக்கினால், இந்தப் புல்லியையும் பின் சில்லுப் பக்கத்துப் புல்லியையும் இணைக்கும் பெல்ட் இங்கே மேலே ஏறும். பெல்ட் இழுக்கிற இழுவையில் பின் புல்லி விரியும், அங்கே பெல்ட் கீழே இறங்கும். கியர் மாற்றாமலே கியர் மாறுவது இப்படித்தான்.

உண்மையான கிளச் இருப்பது பின் புல்லியோடு, பின் சில்லுக்குப் பக்கத்தில். மூன்று சூக்கள், அதாவது உராய்ந்து பிடிக்கும் கட்டைகள், அவற்றைப் பிடித்து இழுத்து வைத்திருக்கும் சின்ன ஸ்பிரிங்குகள், வெளியே கிண்ணம் போல ஒரு இரும்பு டிரம். எஞ்சின் மெதுவாக ஓடும்போது சூக்கள் உள்ளே ஒடுங்கி இருக்கும். வேகம் கூடியதும் விரிந்து டிரம்மைப் பிடிக்கும், சில்லு சுழலும்.

இப்போது உங்கள் முதல் சத்தம். நின்ற இடத்தில் கட கட, முறுக்கினால் மௌனம். இது அநேகமாக முன்னால் உள்ள வேரியேட்டருடையது, கிளச்சுக்கு இதில் பங்கில்லை. உங்கள் மாடலில் ஐட்லிங், அதாவது முறுக்காமல் விட்டபோது எஞ்சின் ஓடும் வேகம், நிமிடத்துக்கு 1,700 சுற்றை ஒட்டி இருக்கும். அந்த வேகத்தில் ரோலர்களைத் தடத்தோடு அழுத்திப் பிடிக்கப் போதிய விசை இல்லை. புதிய ரோலர் வட்டமாக இருப்பதால் சத்தம் போடாது. நாற்பதாயிரம் கிலோமீற்றர் ஓடிய ரோலர், தாய விளையாட்டுக்கு உரசிய புளியங்கொட்டை மாதிரி ஒரு பக்கம் தட்டையாகியிருக்கும். அது தடத்துக்குள் புரண்டு அடிபடும். முறுக்கியதும் விசை கூடி அழுத்திக்கொள்வதால் சத்தம் அடங்கிவிடும். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஐட்லிங் சீராக இருக்காது, அதனால் அந்த ஆட்டம் அப்போது கூடுதலாகக் கேட்கும்.

ரோலர் மட்டும்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ரோலர்களை மூடியிருக்கும் தட்டின் மூலைகளில் மூன்று பிளாஸ்டிக் துண்டுகள் மாட்டியிருக்கும். ஸ்லைடர் என்று கேட்டால் சாமான் கடையில் தருவார்கள். அவை தேய்ந்தால் தட்டே ஆடிக் கட கடக்கும். பல கராஜ்களில் ரோலரை மாற்றிவிட்டு இவற்றைப் பார்க்காமல் மூடிவிடுகிறார்கள். பிறகு சத்தம் போகவில்லை என்று ஆட்கள் திரும்பி வருகிறார்கள். மூன்றாவதாக, வேரியேட்டரின் நடுவில் உள்ள புஷ் என்ற குழாய். அது தேய்ந்திருந்தால் கையால் பிடித்து ஆட்டும்போதே தெரியும். ரோலரும் ஸ்லைடரும் விலை குறைந்த சாமான்கள். புஷ்ஷும் போய், தடங்களும் குழி விழுந்திருந்தால்தான் வேரியேட்டரை முழுதாக மாற்றுவதில் நியாயம் இருக்கிறது.

இதே இடத்தில் ஒரு போலிச் சத்தமும் உண்டு. உங்கள் ஸ்கூட்டரின் கிக்கர் அந்த மூடியிலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. கிக்கரின் சிறிய பல்சில்லு புழுதியாலோ துருவாலோ முழுதாகப் பின்வாங்காமல் நின்றால், சுழலும் வேரியேட்டரின் பல்லோடு உரசிக் கறகறக்கும். பரிசோதிப்பது சுலபம். ஐட்லிங்கில் சத்தம் வரும்போது கிக்கர் மிதியைக் கையால் மேல்நோக்கி மெதுவாக அழுத்துங்கள். சத்தம் நின்றால் அல்லது மாறினால் குற்றவாளி அதுதான். கழற்றித் துடைத்து, அதன் தண்டுக்குக் கொஞ்சம் கிறீஸ் வைத்தால் சரி. இதற்காக வேரியேட்டர் மாற்றிக் காசு கொடுத்தவர்கள் இருக்கிறார்கள் என்பதால்தான் இதை இவ்வளவு விரித்து எழுதுகிறேன்.

இரண்டாவது சத்தத்துக்கு வருவோம். புறப்படும் நேரத்து உதறலும் கீச்சொலியும் பின்னால் உள்ள சூவும் டிரம்மும் தருபவை. இதை நான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். காரணம் உங்கள் வேலை.

சூக்கள் டிரம்மை முழுதாகப் பிடித்துவிட்டால் உரசல் இல்லை, சூடும் இல்லை. உரசல் எல்லாம் புறப்படுகிற அந்தச் சில விநாடிகளில்தான். ஏ9 வீதியில் கிளிநொச்சியிலிருந்து மாங்குளத்துக்குப் போகிற ஒருவருக்கு அது சில தடவைதான் நடக்கும். நீங்கள் ஒரு வீட்டுப் படலையிலிருந்து அடுத்த படலைக்குப் போகிறீர்கள். ஒழுங்கையில் பள்ளம் இருக்கும், மணல் இருக்கும், மாடு குறுக்கே நிற்கும். மணிக்குப் பத்து, பதினைந்து கிலோமீற்றரில் ஊர்வீர்கள். அந்த வேகத்தில் சூ பாதி பிடித்தும் பாதி வழுக்கியும் ஓடும். சூவின் முகம் சூடேறிக் கண்ணாடி போல மினுங்கத் தொடங்கும். மினுங்கிய சூ ஒரே சீராகப் பிடிக்காது; பிடிக்கும், விடும், மறுபடி பிடிக்கும். விநாடிக்குப் பல தடவை அப்படி நடக்கும்போது அதைத்தான் நீங்கள் உதறலாக உணர்கிறீர்கள், கீச்சாகக் கேட்கிறீர்கள்.

இதோடு நம்முடைய செம்மண். எஞ்சின் ஓடும்போது வேரியேட்டரின் விசிறி, பெல்ட்டைக் குளிர்விக்க வெளிக்காற்றை அந்த மூடிக்குள் இழுத்துக்கொண்டே இருக்கும். சோளகக் காற்றடிக்கும் மாதங்களில் கிறவல் ஒழுங்கையில் ஒரு ரிப்பர் லொறிக்குப் பின்னால் ஐந்து நிமிடம் போனால் உள்ளே என்ன போகும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தத் தூசும் சூ தேய்ந்த தூளும் பெல்ட் தேய்ந்த தூளும் கலந்து டிரம்மின் உட்சுவரில் படியும். மாரி வந்து ஈரமும் சேர்ந்தால் அது பசையாகி இறுகிவிடும்.

மழைக்கு அடுத்த நாள் கூடுதலாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டிரம் வெறும் இரும்பு. ஓர் இரவில் மெல்லிய துரு பூக்கும். புதிய ஸ்கூட்டரில்கூட மழைக்குப் பிறகு முதல் மூன்று நான்கு புறப்பாட்டில் ஒரு கர்ர் வரலாம். அந்தத் துரு உரசிப் போனதும் நின்றுவிடும். அதற்குக் கராஜ் தேவையில்லை. உங்களுக்கு நாள் முழுவதும் தொடர்வதால்தான் உள்ளே பார்க்க வேண்டும் என்கிறேன்.

ஸ்பிரே விடயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. உராய்வால் வேலை செய்கிற இடத்தில் எண்ணெய்ப் பசையுள்ள எதை அடித்தாலும் சத்தம் நிற்கும், ஏனென்றால் பிடியே போய்விடுகிறது. சூ எண்ணெயைக் குடித்துவிட்டால் பிறகு எவ்வளவு துடைத்தாலும் முழுதாக வெளியே வராது. பெல்ட்டில் பட்டால் பெல்ட் வழுக்கும். ஏற்றத்தில் இழுவை குறைந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். அடுத்த தடவை எந்தக் கராஜிலும் யாராவது மூடிக்குள் ஸ்பிரே குழாயை விட வந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். பிரேக் கிளீனர் என்று விற்பது வேறு. அது பசையை அகற்றிக் காய்ந்து போகும். அதையும் டிரம்மைக் கழற்றி வெளியே வைத்துத்தான் அடிக்க வேண்டும்.

இனித் தம்பி சொன்னது. அவர் பொய் சொல்லவில்லை. பனி ஸ்கூட்டரிலும் முன்னால் ஒரு புல்லி, பின்னால் ஒரு புல்லி, நடுவில் ஒரு பெல்ட். வேகம் கூடும்போது முன் புல்லி நெருங்கிப் பெல்ட் மேலே ஏறும், உங்கள் டியோவில் நடப்பது போலவே. கனடாவின் கியூபெக்கில் யோசப் அர்மாண்ட் பொம்பார்டியே என்பவர் 1959இல் ஸ்கி-டூ என்ற சிறிய பனி வாகனத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு அங்கே அது பரவலாகிவிட்டது. வித்தியாசம் ஒன்றுதான், ஆனால் உங்கள் கேள்விக்கு அதுதான் முக்கியம். பனி ஸ்கூட்டரில் சூவும் டிரம்மும் கிடையாது. ஐட்லிங்கில் முன் புல்லி விரிந்து பெல்ட்டைத் தளர விட்டுவிடும். முறுக்கினால் நெருங்கிப் பெல்ட்டையே பிடிக்கும். பெல்ட்டும் முன் புல்லியும் சேர்ந்துதான் அங்கே கிளச்.

ஆகவே அங்கே சேருவது பெரும்பாலும் பெல்ட் தூள். மூடியைத் திறந்து காற்றடித்தால் போய்விடும். ஐட்லிங்கில் முன் புல்லியின் பாரக்கட்டைகள் கொஞ்சம் கிலுகிலுப்பது பல பனி ஸ்கூட்டர்களில் சாதாரணம், அதை ஒரு கோளாறாக எடுப்பதில்லை. உங்கள் ஸ்கூட்டரில் மூடியைத் திறந்து காற்றடித்தால் வெளியில் தெரிகிற தூசு பறக்கும், அவ்வளவுதான். குற்றம் செய்யும் பசை டிரம்முக்கு உள்ளே இருக்கிறது. டிரம்மின் நட்டைக் கழற்றாமல் அது வராது. தேய்ந்த ரோலரைக் காற்று வட்டமாக்கவும் மாட்டாது.

காற்றடிப்பதில் இன்னொரு எச்சரிக்கை. கிளச் சூ, பிரேக் சூ இவற்றின் தூளில் சிலவற்றில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். பார்த்து அறிய முடியாது. நுரையீரலுக்குள் போனால் போனதுதான். கர்ப்பிணித் தாய்மார் வீட்டுக்கும் குழந்தை பிறந்த வீட்டுக்கும் போகிற நீங்கள் அந்தத் தூளை உடுப்பில் சுமந்துகொண்டு போகக் கூடாது. வாயால் ஊதவும் வேண்டாம், கொம்பிரசரால் அடிக்கவும் வேண்டாம். ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியை ஒரு பையில் கட்டி எறிய வேண்டும். கராஜில் செய்தாலும் அந்த நேரம் தள்ளி நில்லுங்கள்.

கராஜுக்குப் போகுமுன் வீட்டு முற்றத்தில் நீங்களே செய்யக்கூடிய சோதனைகள் சில இருக்கின்றன, ஒரு ஸ்பனரும் தேவையில்லை. வண்டியை டபிள் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். எஞ்சினை நிறுத்தி வைத்துக்கொண்டு பின் சில்லைக் கையால் முன்நோக்கிச் சுற்றுங்கள். கியர்ப் பெட்டியின் பல்லும் பெயரிங்கும் நன்றாக இருந்தால் மெல்லிய ஓசைதான் வரும். மணல் அரைபடுவது போல இருந்தால், அல்லது சில்லைப் பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால், கோளாறு கிளச்சைத் தாண்டிப் பின்னால் இருக்கிறது. ஓடும்போது வேகத்தோடு சேர்ந்து ஏறும் ‘ம்ம்’ என்ற ஒலியும் அங்கிருந்துதான் வரும். நீங்கள் அப்படி எழுதவில்லை, ஆகவே அது இல்லை என்று நினைக்கிறேன். இருந்தாலும் 41,000 கிலோமீற்றரில் கியர் ஒயிலை ஒரு தடவையாவது மாற்றினீர்களா என்று யோசித்துப் பாருங்கள். எஞ்சின் ஒயில் வேறு, இது வேறு. நூறு மில்லிலீற்றரைச் சற்றுத் தாண்டும் அளவுதான், செலவு சொற்பம், ஆனால் கேட்காவிட்டால் யாரும் மாற்றமாட்டார்கள்.

பிறகு ஸ்டார்ட் செய்து, சத்தம் வரும்போது ஒரு நீண்ட தடியின் ஒரு முனையை மூடியின் முன்பகுதியிலும் மறு முனையைக் காதோரத்திலும் வையுங்கள். அப்புறம் மூடியின் பின்பகுதியில் வைத்துக் கேளுங்கள். எங்கே கூடுதல் என்று தெளிவாகத் தெரியும். தலைமயிரை முடிந்துகொள்ளுங்கள், சேலைத் தலைப்போ சால்வையோ தொங்கக் கூடாது, பின் சில்லுப் பக்கம் கை போகக் கூடாது. மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு எஞ்சினை ஓட விடும் வேலையை மட்டும் செய்யவே செய்யாதீர்கள், பக்கத்து வீட்டுத் தம்பி ‘எனக்குத் தெரியும் அக்கா’ என்று வந்தாலும் சரி.

ஐட்லிங்கில் பின் சில்லு தானாக மெதுவாகச் சுற்றுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஸ்டாண்டில் நிற்கும்போது அது சகஜம். ஆனால் நிலத்தில் நிற்கும்போது வண்டி தானாக முன்னே ஊர்ந்தால் இரண்டு காரணம். ஐட்லிங் அளவுக்கு மேலே வைக்கப்பட்டிருக்கிறது, அல்லது சூவைப் பிடித்து வைத்திருக்கும் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. முதலாவதைச் சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும். அதைப் பார்க்காமல் இரண்டாவதற்குப் போகக் கூடாது.

கராஜில் இப்படிக் கேளுங்கள்: “மூடியைத் திறந்து காட்டுங்கள். பார்த்த பிறகு எது மாற்றுவது என்று சொல்லுங்கள்.” நல்ல திருத்துநர் இதற்குக் கோபிக்கமாட்டார். கோபித்தால் வேறு இடம் பாருங்கள். பரந்தனிலிருந்து முல்லைத்தீவு போகிற ஏ35 வீதியில் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று உங்களுக்கு இடமா இல்லை?

திறந்ததும் என்ன பார்க்க வேண்டும் என்றால், ரோலர் தட்டையாக இருக்கிறதா, ஸ்லைடர் தளர்வா, புஷ்ஷில் ஆட்டமா என்பது முன்னால். ரோலர் மாற்றினால் ஆறையும் ஒன்றாக மாற்ற வேண்டும், கம்பனி கொடுத்த அதே நிறையில். பாரம் குறைந்த ரோலர் போட்டால் பிக்கப் கூடும் என்று இளம் பெடியன்கள் சொல்வார்கள். உங்களுக்கு அது வேண்டாம், எஞ்சின் எந்நேரமும் கூடுதல் சுற்றில் கத்திக்கொண்டிருக்கும், பெற்றோலும் கூடக் குடிக்கும். ரோலர் அறைக்குள் கிறீஸ் வேண்டுமா இல்லையா என்பது மாடலுக்கு மாடல் மாறும், கம்பனிக் கைநூலின்படி செய்ய வேண்டும். பெல்ட் தொடுகிற முகங்களில் மட்டும் எந்த மாடலிலும் ஒரு பொட்டுக் கிறீஸும் இருக்கக் கூடாது.

பெல்ட்டை உள்பக்கம் வெளியே வரும்படி வளைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பல்லுக்கு அடியில் வெடிப்பு, ஓரத்தில் நூல் பிரிதல், ஓரிடத்தில் மட்டும் மினுக்கம் இருந்தால் மாற்றிவிடுங்கள். அகலத்தை அளந்து பார்த்தால் இன்னும் நல்லது, தேய்ந்த பெல்ட் ஒடுங்கியிருக்கும். 41,000 வரை பழைய பெல்ட்டே ஓடியிருந்தால் அளக்கவும் தேவையில்லை, மாற்றுங்கள். நான் 20,000ஐத் தாண்டினாலே மாற்றச் சொல்பவன். பெல்ட் அறுந்தால் எஞ்சின் கத்தும், வண்டி நகராது. மாலை மங்கிய நேரத்தில் வீடு வாசல் இல்லாத காட்டு வீதியில் அது நடக்கக் கூடாது. ஒரு பெண் தனியாகப் போகிற வண்டியில் இதில் மிச்சம் பிடிப்பது சரியில்லை.

பின்னால் டிரம்மைக் கழற்றி உட்சுவரைப் பார்க்க வேண்டும். நீலம் பாய்ந்திருந்தால் கடுமையாகச் சூடேறியிருக்கிறது. விரல் நகத்தை ஓட விட்டால் இடறும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தால் டிரம் மாற்ற வேண்டிவரும். வெறும் மினுக்கமும் அழுக்கும் என்றால், தூளைத் துடைத்த பிறகு சாண்ட் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, சுற்றுவாட்டில் தேய்க்காமல் குறுக்குவாட்டில் தேய்த்து மினுக்கத்தை எடுக்கலாம். சூவின் முகத்தையும் அப்படியே நனைத்துத் தேய்த்து, நன்றாகக் காய்ந்த பிறகு பூட்டலாம். சூவில் உராய்வுப் பொருள் 2 மில்லிமீற்றருக்குக் கீழே போயிருந்தாலோ, ஸ்பிரே எண்ணெய் ஊறியிருந்தாலோ சூவை மாற்றுங்கள். உங்கள் விடயத்தில் சூ மாற்ற வேண்டி வரலாம், அந்த ஸ்பிரேயின் புண்ணியத்தால். சூவில் வாளால் கோடு வெட்டித் தருகிறோம், தூசு அதனூடாக வெளியேறும் என்று சிலர் சொல்வார்கள். அளவாகச் செய்தால் பலன் உண்டுதான், ஆனால் ஏற்கெனவே தேய்ந்த சூவில் அதைச் செய்வது உள்ள பிடியையும் குறைக்கும்.

பின் புல்லியின் உள்ளே அழுத்தமான ஒரு பெரிய ஸ்பிரிங் இருக்கிறது. அதன் நட்டைச் சரியான கருவி இல்லாமல் கழற்றினால் ஸ்பிரிங் எகிறி முகத்தில் அடிக்கும். வீட்டில் யாரும் அதில் கை வைக்க வேண்டாம். கராஜிலும் ஒன்றைக் கவனியுங்கள்: வேரியேட்டர் நட்டைக் கழற்றும்போது விசிறி இதழ்களுக்குள் ஸ்குரூ டிரைவரைச் செருகிப் பிடிப்பார்கள். இதழ் ஒன்று உடைந்தாலே போதும், சமநிலை கெட்டு ஒரு புதுச் சத்தம் வந்து சேரும், பெல்ட்டுக்குக் காற்றும் குறையும். பிடிப்பதற்கென்று கருவி இருக்கிறது. பூட்டும்போதும் எயார் கன்னால் இறுக்கிவிட்டு விடாமல், அளவான விசையில் இறுக்கும் டோர்க் ரென்ச்சால் முடிக்கச் சொல்லுங்கள். அந்த நட் தளர்ந்தால் தண்டின் பல்லே அரைபட்டுவிடும். அதன் செலவோடு ஒப்பிட்டால் 40,000 ஒன்றுமே இல்லை.

அந்த 40,000 பற்றியும் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு, 2025இல் மறுபடி திறக்கும்வரை புதிய வண்டி என்பதே எட்டாக்கனியாக இருந்தது. வன்னியில் பெண் பிள்ளைகள் வேலைக்கும் வகுப்புக்கும் போகிற ஸ்கூட்டர்களில் பெரும்பகுதி அதற்கு முந்தியவை. வண்டி பழசு, சாமான் விலை உச்சம், அதனால் ஒரு சத்தத்துக்குப் பயந்து முழு செட் மாற்றுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். உங்கள் வண்டிக்கு என் ஊகம்: ரோலர், ஸ்லைடர், பெல்ட் நிச்சயம், சூ அநேகமாக, டிரம்மும் வேரியேட்டரும் பின் புல்லியும் பார்த்த பிறகுதான். அப்படியானால் அவர்கள் சொன்ன தொகையில் பெரிய பங்கு மிஞ்சும். ஒறிஜினல் சாமான் கிடைத்தால் அதையே போடுங்கள், முக்கியமாகப் பெல்ட்டில். கழற்றிய பழைய சாமான் எல்லாவற்றையும் பையில் போட்டுக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அதுவரை வேலைக்குப் போகலாமா என்றால், கட கட சத்தத்தோடு சில நாள் ஓடலாம். உதறலோடும் கிட்டடிக்குப் போய்வரலாம். ஆனால் இழுவை குறைந்திருப்பதால் இந்தக் கிழமைக்குள்ளேயே திறந்து பார்த்துவிடுங்கள், அதுவரை தூரத்து வீடுகளைத் தள்ளி வையுங்கள். ரப்பர் எரிகிற மணம் வந்தாலோ, இரும்போடு இரும்பு அடிபடும் சத்தம் வந்தாலோ, முறுக்கும்போது எஞ்சின் கத்தியும் வண்டி பிந்தினாலோ, அந்த இடத்திலேயே நிறுத்தி லாண்ட்மாஸ்டரிலோ ஓட்டோவிலோ ஏற்றிக்கொண்டு போங்கள்.

ஓட்டுகிற விதத்தில் இரண்டு மாற்றம் செய்தால் புதிய சூ நீண்ட நாள் இருக்கும். மணலில் ஊரும்போது அக்சிலேட்டரை அரைகுறையாகப் பிடித்துக்கொண்டே போகாமல், கொஞ்சம் முறுக்கி ஓடவிட்டு, தேவையான இடத்தில் முழுதாக விட்டுப் பிரேக் பிடியுங்கள். குளக்கட்டு ஏற்றத்தில் எதிரே வண்டி வந்து நிற்க நேர்ந்தால் அக்சிலேட்டரால் வண்டியைத் தாங்கிப் பிடிக்காதீர்கள், பிரேக்கால் பிடியுங்கள். மாரியில் வீதிக்கு மேலால் தண்ணீர் பாயும் இடத்தில், சில்லின் நடு அச்சளவுக்குத் தண்ணீர் தெரிந்தால் இறங்காதீர்கள். உள்ளே தண்ணீர் போய்விட்டால் பெல்ட் வழுக்கும். மூடியின் அடியில் தண்ணீர் விடும் வழி இருக்கிறதா என்று கராஜில் கேட்டு, அதைத் திறந்து வடிய விடச் சொல்லுங்கள். காற்று இழுக்கும் வாயையும் அதோடு பார்க்கச் சொல்லுங்கள், குளவி மண்கூடு கட்டி அடைத்திருப்பது உண்டு.

வேலை முடிந்து வண்டியை எடுத்ததும் முதல் நூறு கிலோமீற்றர் மட்டில் அடித்து முறுக்க வேண்டாம், சூவும் டிரம்மும் ஒன்றோடொன்று படிய வேண்டும். அந்த நாட்களில் லேசான கீச்சு வந்தால் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டு கிழமை கழித்தும் உதறல் இருந்தால் டிரம் வட்டம் தப்பியிருக்கலாம். அப்போது அந்த டிரம்மை லேத்தில் கொடுத்து அளந்து பார்க்கச் சொல்லிவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.